மசோதா குழுவுக்குப் போகும்போது நாம் எங்கே இருக்கிறோம்?

நம் காலனியில் எந்த வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். தாய் நூறு நாள் வேலை அட்டை வைத்திருப்பார். மகளோ மகனோ கல்லூரியில் படிப்பார்கள். அநேகமாக அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். இந்தத் தாயின் கூலியையும் பிள்ளையின் படிப்பையும் தொடுகிற இரண்டு மசோதாக்கள், 2025 டிசம்பர் மூன்றாவது வாரத்தில், ஒரு நாள் இடைவெளியில் மக்களவைக்கு வந்தன.

முதலாவது, டிசம்பர் 15-ஆம் தேதி அறிமுகமான விக்சித் பாரத் சிக்ஷா அதிஷ்டான் மசோதா. பல்கலைக்கழக மானியக் குழு, தொழில்நுட்பக் கல்விக் குழு, ஆசிரியர் கல்விக் குழு ஆகிய மூன்றையும் கலைத்துவிட்டு, உயர்கல்விக்கு ஒரே தலைமை அமைப்பை உருவாக்குவது அதன் நோக்கம். அந்த மசோதா இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது.

இரண்டாவது, டிசம்பர் 16-ஆம் தேதி அறிமுகமானது. மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதிச் சட்டத்துக்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்ட விபி ஜி ராம் ஜி மசோதா. இதையும் குழுவுக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அனுப்பப்படவில்லை. 18-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. அன்று நள்ளிரவையொட்டி மாநிலங்களவையிலும் நிறைவேறியது. 21-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்துவிட்டார். ஏரிக்கரையில் வேலை முடித்து வீடு திரும்பிய பெண்களுக்குச் செய்தி தெரிய வந்தபோது அது சட்டமாகியிருந்தது.

ஒரே வீடு, ஒரே வாரம். பிள்ளையின் மசோதா குழுவுக்குப் போனது. தாயின் மசோதா போகவில்லை. இந்த வித்தியாசத்தின் பொருள் என்ன, அதில் நமக்கு என்ன வேலை இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

குழு என்றால் என்ன?

அவையில் ஒரு மசோதா மீது சில மணி நேரம் விவாதம் நடக்கும். கட்சிக்கு இவ்வளவு நிமிடம் என்று கணக்கு. கொறடா சொன்னபடி வாக்களிக்க வேண்டும். குழுவில் அப்படியில்லை. பல கட்சி உறுப்பினர்களும் ஒரு அறையில் உட்கார்ந்து மசோதாவைப் பிரிவு பிரிவாகப் படிக்கிறார்கள். துறைச் செயலாளரை அழைத்துக் கேள்வி கேட்கிறார்கள். வெளியாட்களை, அதாவது நிபுணர்களையும் சங்கங்களையும் பாதிக்கப்படுகிறவர்களையும் அழைத்து விசாரிக்கலாம். பொதுமக்களிடம் எழுத்து வடிவில் கருத்துக் கேட்டு நாளிதழ்களில் விளம்பரம் வெளியிடலாம்.

நாடாளுமன்றத்தில் இப்போது துறைசார்ந்த நிலைக்குழுக்கள் 24 உள்ளன. 1993-இல் தொடங்கியபோது 17 இருந்தன. 2004-இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர் என 31 உறுப்பினர்கள். இவை தவிர, குறிப்பிட்ட ஒரு மசோதாவுக்காக மட்டும் அமைக்கப்படும் தெரிவுக் குழுவும் கூட்டுக் குழுவும் உண்டு. குழுவின் அறிக்கை அரசைக் கட்டுப்படுத்தாது, பரிந்துரை மட்டும்தான். ஆனால் அறிக்கை அச்சாகி அவையில் வைக்கப்படும். அதில் எழுதப்பட்டதை ஏற்க மறுத்தால், ஏன் என்று அரசு பதில் சொல்லியாக வேண்டிய நெருக்கடி பிறக்கும்.

எல்லா மசோதாவும் குழுவுக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அதனால்தான் கணக்கு இப்படி மாறியிருக்கிறது: பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2009 முதல் 2014 வரை இருந்த 15-ஆவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுவுக்குப் போயின. 2019 முதல் 2024 வரை இருந்த 17-ஆவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 16 மட்டுமே போயின.

நூறு நாள் வேலையே சாட்சி

குழுவால் என்ன மாறிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு, நூறு நாள் வேலைச் சட்டம் பிறந்த கதையே பதில்.

2004 டிசம்பரில் அந்த மசோதா முதலில் வந்தபோது, வேலை கேட்கும் உரிமை கிராமத்திலுள்ள ‘ஏழைக் குடும்பங்களுக்கு’ மட்டும் என்றுதான் இருந்தது. அதாவது வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களின் பட்டியலில் பெயர் இருந்தால்தான் வேலை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டியலை ஊரில் யார் எழுதினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள், காலனிப் பெயர்கள் எத்தனை விடுபட்டன என்பது நம் பெரியவர்களுக்குத் தெரியும். ஓட்டு வீட்டுக்காரர் ஏழையாகவும் குடிசைக்காரர் வசதியானவராகவும் பட்டியலில் மாறிய ஊர்கள் உண்டு.

அந்த மசோதா ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழுவுக்குச் சென்றது. குழு பரிசீலித்துக்கொண்டிருந்த மாதங்களில் வெளியிலும் இயக்கம் நடந்தது. வேலை உரிமை கேட்டு 2005-இல் பல மாநிலங்கள் வழியாகப் பேருந்துப் பயணம் போனார்கள். 2005 ஆகஸ்ட்டில் சட்டம் நிறைவேறியபோது ‘ஏழைக் குடும்பம்’ என்ற சொல் போய், கிராமத்தில் உள்ள எந்தக் குடும்பமும் கேட்கலாம் என்றாகியிருந்தது. 2006 பிப்ரவரியில் நாடு முழுவதும் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை ஆகிய ஆறு மாவட்டங்கள் முதலில் வந்தன.

ஒரு சொல் மாறியது. அந்த ஒரு சொல்லால், பட்டியல் எழுதுகிறவரின் தயவு இல்லாமல் நம் அக்காமார்கள் அட்டை வாங்கினார்கள். மசோதாவாக இருக்கும்போது ஒரு சொல்லை மாற்றுவது எளிது. சட்டமான பிறகு அதே சொல்லை மாற்ற இருபது ஆண்டுகள் தெருவில் நிற்க வேண்டியிருக்கும்.

இதே சட்டத்தை மாற்றிய புதிய மசோதாவுக்கு அப்படி எட்டு மாதங்கள் கிடைக்கவில்லை. மூன்று நாட்கள் கிடைத்தன. ஆண்டுக்கு 100 நாள் என்பது 125 நாளாகிறது என்று அரசு சொல்கிறது. நாள் கூடுவது நல்லதுதான். ஆனால் அதோடு வேறு இரண்டு மாற்றங்களும் வந்திருக்கின்றன. முன்பு கூலிப் பணம் முழுவதையும் ஒன்றிய அரசு கொடுத்தது. இனி தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். இன்னொன்று, விதைப்பும் அறுவடையும் மும்முரமாக நடக்கும் காலத்தில் மொத்தம் 60 நாட்கள் இந்த வேலையை நிறுத்திவைக்க வழி செய்யப்பட்டிருக்கிறது.

விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அந்தக் குறையை நாம் பொய் என்று சொல்லவில்லை. சிறு விவசாயியின் கஷ்டம் நமக்கும் தெரியும். நம்மிலும் சிறு விவசாயிகள் இருக்கிறார்கள். ஆனால் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் நிலமற்ற பெண்ணிடம் கேட்டிருந்தால், அவர் வேறொன்று சொல்லியிருப்பார். ‘இந்தக் கூலிக்கு வர முடியாது, எனக்கு ஏரி வேலை இருக்கிறது’ என்று நிலக்காரரிடம் நிமிர்ந்து சொல்ல முடிந்ததே இந்தச் சட்டத்தால்தான். கூலி பேசும் பலம் தேவைப்படுவது மும்முரமான காலத்தில்தான். அந்த 60 நாளில் மாற்று வேலை இல்லையென்றால், பேசும் பலமும் இல்லை. இதை ஒரு குழு கேட்டுப் பதிவு செய்திருக்க வேண்டும். கேட்ட பிறகும் அரசு தன் முடிவிலேயே நின்றிருக்கலாம். ஆனால் கேட்கவே இல்லை என்பதுதான் நம் குறை.

குழுவே எல்லாம் தந்துவிடாது

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குழு என்ற பெயரில் நம் கோரிக்கைகள் காத்துக் கிடந்ததும் உண்டு.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை வலுப்படுத்தும் திருத்தங்கள் 2014 மார்ச்சில் அவசரச் சட்டமாக வந்தன. மீசையை மழித்து அவமானப்படுத்துவது, செருப்பு மாலை போடுவது, பொது நீர்நிலையையோ சுடுகாட்டையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பது, ஊர்க்கட்டுப்பாடு வைத்துப் புறக்கணிப்பது ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகச் சொன்ன திருத்தங்கள் அவை. தேர்தலுக்குப் பின் அந்த அவசரச் சட்டம் காலாவதியானது. ஜூலையில் அறிமுகமான மசோதா நிலைக்குழுவுக்குப் போனது. டிசம்பரில் குழு அறிக்கை தந்தது. மக்களவை அதை நிறைவேற்றியது 2015 ஆகஸ்ட்டில். மாநிலங்களவை நிறைவேற்றியது 2015 டிசம்பரில். 2016 ஜனவரி 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு காலம் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் இருந்தது. ஆனால் கணக்கைச் சரியாகப் பாருங்கள். குழு எடுத்துக்கொண்டது சில மாதங்கள். மீதிக் காலம் அறிக்கை வந்த பிறகு அவைகளில் கழிந்தது.

அவசரம் நமக்கு உதவிய நாளும் உண்டு. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று அதே சட்டத்தின் கூர்மையை மழுக்கியது. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய போராட்டம் நடந்தது, உயிர்ப்பலிகளும் நேர்ந்தன. ஆகஸ்ட்டில் திருத்த மசோதா குழுவுக்குப் போகாமலே இரு அவைகளிலும் நிறைவேறியது. அதை நாம் வரவேற்றோம்.

அதே நாடாளுமன்றத்தில்தான் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீட்டு மசோதா 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. அரசமைப்புச் சட்டத்தையே திருத்தும் மசோதா அது. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர்களின் பதவி உயர்வில் இடஒதுக்கீடு வழங்க 2012-இல் கொண்டுவந்த 117-ஆவது திருத்த மசோதாவோ, மாநிலங்களவையில் நிறைவேறிய பின்னும் மக்களவையில் நிறைவேறாமல் அந்த அவையோடு சேர்ந்து காலாவதியானது.

ஆக, வேகமும் தாமதமும் அவரவர் பலத்தைப் பொறுத்து அமைகின்றன. பலம் உள்ளவர்களுக்குக் குழு இல்லாவிட்டாலும் கவலையில்லை. அவர்கள் சொல்ல வேண்டியதை அமைச்சரின் அறையிலேயே சொல்லிவிடுவார்கள். அந்த அறைக்குள் போக வழியில்லாதவர்களுக்குத்தான் குழு தேவைப்படுகிறது. அதனால்தான், உரிமையைத் தொடும் எந்த மசோதாவையும் குழுவுக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறோம். பாதிக்கப்படும் மக்களை நேரில் கேட்பதும் கட்டாயமாக வேண்டும். காலவரம்பும் வேண்டும், அறிக்கை வந்தபின் கிடப்பில் போடவும் இடம் இருக்கக் கூடாது.

நம் தாத்தாக்கள் மனு எழுதியவர்கள்

இதையெல்லாம் டெல்லிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நாடாளுமன்றத்துக்கு மனு எழுதுவது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

1893-இல் இரட்டைமலை சீனிவாசன் தலைமையில் சென்னை வெஸ்லி மிஷன் மண்டபத்தில் நம் முன்னோர் கூடினார்கள். உயர் அதிகாரிகளுக்கான ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால், அதிகாரம் ஆதிக்க சாதியினர் கையில் போய்ச் சேரும் என்பது அவர்களின் அச்சம். 3,412 பேர் கையொப்பமிட்டு, 112 அடி நீளமுள்ள மனுவைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் எத்தனை பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்திருக்கும்? தெரிந்தவர் எழுத, மற்றவர்கள் சேர்ந்து நின்றார்கள். 1928-இல் சைமன் குழுவுக்கு ஒடுக்கப்பட்டோரின் கோரிக்கைகளை எழுதிக் கொடுத்து, நேரில் போய்ச் சாட்சியமும் அளித்தவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்புச் சட்ட வரைவும் 1948 பிப்ரவரியில் வெளியிடப்பட்டு, மக்களின் கருத்துக்காகப் பல மாதங்கள் திறந்துவைக்கப்பட்டிருந்தது.

இன்று நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பட்டம் வாங்குகிறார்கள். ஆனால் குழுவின் விளம்பரம் வந்ததே பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. சட்டம் வந்த பிறகு சுவரொட்டி அடிக்கிறோம், ஆட்சியர் அலுவலகம் முன் கூடுகிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. அதையும் நாம் ஏற வேண்டும் என்கிறோம்.

தமிழில் எழுத முடியாதா?

இதில் நமக்கு ஒரு தடை இருப்பதையும் மறைக்க முடியாது. குழுக்கள் கருத்துக் கேட்டு வெளியிடும் விளம்பரங்களில், ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிய இரண்டு பிரதிகளை அனுப்புங்கள் என்றுதான் இருக்கும். பெரும்பாலும் 15 நாள் அவகாசம். அவையில் ஓர் உறுப்பினர் தமிழில் பேசலாம், மொழிபெயர்ப்பு வசதி உண்டு. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த கூலித் தொழிலாளி தமிழில் எழுதி அனுப்ப வழியில்லை.

மசோதாவும் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. அதைப் படித்து, புரிந்து, பேசி, எழுதி, மொழிபெயர்த்து 15 நாளில் அனுப்ப வேண்டும். நகரத்து நிறுவனத்துக்கு இது ஒரு வக்கீலின் இரண்டு மணி நேர வேலை. கிராமத்துக்கு இது எட்டாக்கனி. மசோதாவைத் தமிழிலும் வெளியிட வேண்டும், கருத்துகளைத் தமிழிலும் பெற வேண்டும் என்ற கோரிக்கையை நம் எம்.பி.க்கள் கட்சி பார்க்காமல் எழுப்ப வேண்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், விழுப்புரம், சிதம்பரம், நாகப்பட்டினம், தென்காசி, நீலகிரி என ஏழு தனித் தொகுதிகள் தமிழ்நாட்டில் உள்ளன. அந்த ஏழு உறுப்பினர்களுக்கு இந்தப் பொறுப்பு கூடுதலாகவே உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேலை

அந்தக் கதவு திறக்கும்வரை, இரண்டு மொழிக்கும் நடுவில் பாலமாக நிற்கக்கூடியவர்கள் நம் மாணவர்கள்தான்.

உயர்கல்வி மசோதா உங்களைப் பற்றியது. அதன் நகல் மக்களவை இணையதளத்தில் கிடைக்கும். பிரித்துப் படியுங்கள். சில கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். கல்லூரியில் சாதிப் பாகுபாடு நடந்தால் யாரிடம் புகார் செய்வது என்று 2012-இல் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் வகுத்தது. அந்தக் குழுவே இல்லாமல் போனால் அந்தப் பொறுப்பு யாருக்கு? மானியம் கொடுக்கும் அதிகாரம் புதிய அமைப்பிடம் இருக்காது, அமைச்சகத்தின் வழியாக வரும் என்கிறார்கள். கிராமப்புற அரசுக் கல்லூரிக்கு அதனால் என்ன ஆகும்? புதிய அமைப்பின் உறுப்பினர்களில் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினருக்கு இடம் உறுதியா? இடஒதுக்கீட்டை மீறும் நிறுவனத்துக்குத் தண்டனை என்ன? இவற்றுக்கு மசோதாவில் எந்தப் பிரிவில் பதில் இருக்கிறது என்று தேடுங்கள். பதில் இல்லையென்றால், அதுவே நீங்கள் எழுத வேண்டிய செய்தி.

இந்த மசோதாவானாலும் அடுத்து வரும் எதுவானாலும் எழுதும் முறை ஒன்றுதான். நீண்ட கட்டுரை தேவையில்லை. ஒரு பக்கம் போதும். எந்தப் பிரிவு, அதில் என்ன சொல் இருக்கிறது, அது என்ன கெடுதல் செய்யும், அதற்குப் பதில் எந்தச் சொல் வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். நம் ஊரில் நடந்த ஒன்றை உதாரணமாகச் சேருங்கள். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிட வேண்டாம். குழு முன் நேரில் பேச விருப்பம் இருந்தால் அதையும் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். அனுப்பும் கருத்து குழுவின் ஆவணமாகும், ரகசியமாக வைக்கப்படும் என்று விளம்பரத்திலேயே சொல்லியிருப்பார்கள். அதனால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு நகலை உங்கள் தொகுதி எம்.பி.க்கும் அனுப்புங்கள்.

கருத்துக் கேட்கும் நாள் முடிந்துபோனாலும் எம்.பி.யின் வீட்டுக் கதவு மூடுவதில்லை. குழு அறிக்கை வந்தபின் அவையில் திருத்தம் கொடுக்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் உண்டு. கிராம சபையில் தீர்மானம் போடவும் நமக்கு உரிமை இருக்கிறது. ஜனவரி 26-இல் தொடங்கி ஆண்டில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. வேலைத் திட்டச் சட்டம் நிறைவேறிவிட்டாலும், அந்த 60 நாளை எப்போது, எப்படி வைக்கப்போகிறார்கள் என்பது நம் ஊரின் வயிற்றுப் பிரச்சினை. அதைக் கிராம சபையில் பேசிப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை சமுதாயக் கூடத்திலோ கோயில் திடலிலோ பத்துப் பேர் உட்காருங்கள். கல்லூரிப் பிள்ளை ஒருவர் மசோதாவின் ஒரு பிரிவை வாசித்துத் தமிழில் சொல்லட்டும். வேலைக்குப் போகும் அம்மா ஒருவர், அது நடக்குமா நடக்காதா என்று தன் அனுபவத்தைச் சொல்லட்டும். அந்த இரண்டையும் சேர்த்து எழுதினால் அதுதான் குழு கேட்டிருக்க வேண்டிய சாட்சியம். அன்று 112 அடி நீளத்துக்கு எழுதினார்கள். நமக்கு ஒரு பக்கம் போதும்.